சாவு வீட்டு மந்திரி

மனிதரில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு உங்களைத் தெரியாது. மூச்சு நின்ற மறுநிமிடம் உங்களைப் போல வேண்டியவர் அவருக்கு உலகத்தில் கிடையாது. வெள்ளைத் துண்டும் மாலையுமாக வந்து நின்று, பாடையின் முன்பக்க வலது மூலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். எந்த ஊரில் இல்லை இவர்? ஆனால் முழு உருவத்தில் இவரைத் தரிசிக்கக் கொடுத்துவைத்தவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த நம் ஜனங்கள்தான். அவர்களுக்கு இவர் மந்திரியாகவே வாய்த்தார்.

பெயர் இந்திரலால் கார்க்கி. நேபாளி. தகப்பனார் பட்டாளத்தோடு பர்மாவுக்கு வந்தவர். மகன் அதே ரங்கூனில் தாமுவேப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்தார். பண்ணைக்கு முனிசிபல் குழாய் இருந்ததால் பாலுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே இல்லை. பால் ஊற்றிய வீடுகளில் சாவு விழுந்தால் போய்த் தலைகாட்டினார். தலைகாட்டியதில் நாலு பேர் கும்பிட்டார்கள். நாலு நாற்பதாகி, நாற்பது நானூறாகி, அவர்கள் பிடித்துச் சட்டசபைக்கு அனுப்ப, அங்கே மூன்று கட்சிகளில் மாறி மாறி உட்கார்ந்து, கடைசியில் பொதுச் சுகாதாரத்துக்கே மந்திரியாகிவிட்டார். சுகாதாரத்துக்கு! கேட்கவா வேண்டும்?

அந்தச் சந்துக்குக் குழாய் கிடையாது. ஓடைக்கரைக் குட்டையில் மொண்டு துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். வருஷந்தோறும் வாந்திபேதி வந்து ஆளை எடுத்துக்கொண்டு போகும். மில் கூலி தைலம்மாளின் புருஷன் கருப்பையா போன வருஷம் அப்படித்தான் போனான். மந்திரி நேரில் வந்தார். பாடையைப் பத்தடி சுமந்தார், படம் பிடிக்கும்வரை அழுதார், குழாய் வரும் என்று தைலம்மாளின் கையைப் பிடித்துச் சொன்னார். பத்திரிகையில் படம் வந்தது. குழாய் வரவில்லை. நாலு மனு போட்டும், யோசனையில் இருக்கிறது என்றுதான் பதில். தைலம்மாளுக்கு மிஞ்சியது பத்து வயது மகள் தங்கமணி ஒருத்திதான்.

சந்தில் மந்திரிக்கு ஆள் ராஜரத்தினம் மேஸ்திரி. சாவு விழுந்தால் உடனே சொல்லியனுப்புவது அவர் பொறுப்பு. ஒருமுறை செய்தி தாமதமாகி, மந்திரியின் கார் வருவதற்குள் பாடை சுடுகாட்டுக்கே போய்விட்டது. மந்திரி திட்டிய திட்டுக்குப் பிறகு மேஸ்திரி மூச்சு நிற்கும்வரை காத்திருப்பதில்லை. கண் குழிவிழுந்தாலே ஆளனுப்பிவிடுவார்.

மழை தொடங்கிய வாரம் தங்கமணிக்கு வாந்திபேதி கண்டது. தைலம்மாள் தலைவிரிகோலமாக மந்திரி பங்களாவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி வண்டிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மந்திரி ஒரு சாவுக்குப் போயிருப்பதாக வாசலில் சொன்னார்கள். ஓடிய ஓட்டத்திலேயே திரும்பினாள். இருக்கிற ஒன்றும் போய்விடுமோ என்று வழியெல்லாம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வீட்டிலோ, பக்கத்து அறை நூர் பீவி தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். கண் குழிவிழுந்திருந்தது. ஆளனுப்பினார்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. தோளில் வெள்ளைத் துண்டு, கையில் மாலை, பின்னால் போட்டோகிராபர். மந்திரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே நுழைந்தார். தங்கமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் இலை கிடைக்காதவர் முகம் போலாயிற்று மந்திரியின் முகம். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் இழவு வீடுகளில் கற்ற தமிழ். பிழைத்தவர்களிடம் பேச அதில் ஒரு வார்த்தை கிடையாது. மாலையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதான் அம்மா. மனசைத் தேத்திக்கோங்க," என்றார்.

தைலம்மாள் மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம் மக சாகலைங்க. குடிக்கத் தண்ணி குடுக்காதவுக தோளு எங்களுக்கு வேண்டாம். மாலையை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள்.

போனார். அடுத்த வாரம் சட்டசபையில் ஓர் அங்கத்தினர், அந்தச் சந்துக்குக் குழாய் எப்போது என்று கேட்டார். மந்திரி எழுந்து, தாமே நேரில் போய்ப் பார்த்ததாகவும், சென்ற ஆண்டைவிட அங்கே சாவு குறைந்திருப்பதாகவும், ஆகவே குழாய்க்கு இப்போது அவசரமில்லை என்றும் பதில் சொன்னார். சபை மேஜையைத் தட்டியது. தைலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனாள்.

அடப்பாவி என்கிறீர்கள். நன்றாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பெரியம்மா எட்டு மாதம் பாயில் கிடந்து, ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று கடிதம் போட்டாளே, அப்போதெல்லாம் உங்களுக்கு எங்கே நேரம் ஒழிந்தது? தந்தி வந்ததும் முதல் ரயிலில் போய் இறங்கி, பந்தல்காரனை அதட்டி, தூக்க நின்றவனைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு, பாடையின் முன்பக்கத்தில் போய் நின்றது யார்?