முள்ளை நம்பாதவர்

பிக்கப் வண்டியோடு தரப்படும் கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கம் இப்படிச் சொல்கிறது: "எரிபொருள் எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்ததும் வாகன உரிமையாளர் தாமதமின்றி அருகிலுள்ள நிலையத்தில் எரிபொருள் நிரப்புவார்." எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். வாகன உரிமையாளர் ஒருவரையும் நேரில் சந்தித்ததில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஏனென்றால் உலகில் ரிசர்வ் ஞானி என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். வண்டியைச் செய்த ஆயிரம் பொறியாளர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. கடிகாரத்தை நம்புவார், வேகமானியை நம்புவார், வானிலை அறிக்கையைக்கூட நம்புவார்; டீசல் முள்ளை மட்டும் நம்பமாட்டார். கேட்டால், முள் மேட்டில் ஒன்று சொல்லும், பள்ளத்தில் ஒன்று சொல்லும், பாரம் ஏற்றினால் வேறொன்று சொல்லும் என்பார். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவ்வளவும் உண்மை.

நான் சொல்லும் ஞானி தையல் யூனிட் நடத்தும் ஒரு பெண்மணியின் கணவர். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. விளக்கு எரிந்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது தேதிவாரியாக அதில் இருக்கிறது: அறுபது, அறுபத்து மூன்று, அறுபத்தேழு. ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை. அதைவிடப் பெரிய சான்று ஒன்றும் வைத்திருக்கிறார். அவர் வண்டியில் இன்று எரியும் விளக்கு, நாளை காலை தானாக அணைந்துவிடும்.

"நேத்து டீசல் இல்லைன்னுச்சு. இன்னிக்கு இருக்குங்குது. யாரு ஊத்துனா? வானத்துலேருந்து வந்துச்சா? இதை நம்பச் சொல்றியே!" என்பார், கேட்காதவர்களிடமும்.

ஆகவே ஒரு விதி வகுத்துக்கொண்டார். முதல் தடவை எரிவது வேடிக்கை. எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தால்தான் பங்க். ஐந்து வருடமாக இந்த விதி பொய்த்ததில்லை. இப்படியொரு துல்லியமான ஆராய்ச்சியை யார்தான் மதிக்காமல் இருக்க முடியும்?

இனி நீங்களும் அந்த வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். முன்னால் ஞானி, மனைவி, மனைவியின் தம்பி என மூன்று பேர்; இடம் இல்லைதான், நெருங்கி உட்காரலாம். பின்னால் இருநூறு படுக்கை விரிப்புகள், கட்டுக் கட்டாக. நான்கு பெண்கள் பத்து நாள் தைத்தவை. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக் கிடங்கில் நாலு மணிக்குள் இறக்கிவிட்டால் ஒரு வருடத்து ஆர்டர் அந்த யூனிட்டுக்கு. இறக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு. கிடங்குக்காரர் நாலு மணிக்குக் கதவைச் சாத்துபவர். அவருடைய கடிகாரத்துக்கு ரிசர்வ் கிடையாது.

மணி இரண்டே முக்கால். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நேற்று மாலை எரிந்தது, இன்னும் அணையவில்லை. ஞானி இதைக் கவனித்திருந்தார். "இந்தத் தடவை ஒட்டிக்கிச்சு போல" என்று கண்ணாடியை இரண்டு தட்டு தட்டியும் பார்த்தார்.

"என்னங்க, பங்க் வருது. போட்டுக்கலாம்," என்றார் மனைவி.

"அங்க நாலு வண்டி நிக்குது பாரு. நேரத்துக்குப் போகணுமா, வேணாமா?"

"மாமா, முள்ளு கோட்டுக்குக் கீழ படுத்திருக்கு," என்றான் மச்சான்.

"படுத்துத்தானே இருக்கு மச்சான், சாகலியே. நேத்து எரிஞ்சதுக்கு அப்புறம் இருபது ஓடியிருக்கு. இது முப்பது. ஆக அம்பது. நோட்டுல குறைஞ்சதே அறுபது. பத்து கிலோமீட்டர் கையில இருக்கு. உனக்குக் கணக்கு வருமா, வராதா?"

கணக்கில் பிழை இல்லை. பங்க் பின்னால் போய்விட்டது.

மூன்றே கால் மணிக்கு, ஒரு மேட்டின் பாதியில், வண்டி இரண்டு தடவை இருமியது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அது மூன்றாவது தடவை இருமவில்லை. கிடங்குக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

"ஃபில்டர் அடைச்சிருக்கும்," என்று இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

"ஃபில்டர் இல்லைங்க. டீசல்."

"அது எப்படி? அறுபதுக்கு முன்னாடி நின்னதே இல்லையே!"

மனைவி கொஞ்சம் யோசித்தார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அதனால் சுருக்கமாகச் சொன்னார்.

"விளக்கு எரிஞ்சா, மறுநாள் காலைல துணி எடுக்கப் போறப்ப நான் அஞ்சு லிட்டர் போட்டு வைப்பேன். இந்தப் பத்து நாளா மிஷினை விட்டு எந்திரிக்கலை. வண்டியைத் தொடலை."

"எத்தனை நாளா இது?"

"வண்டி வாங்கினதுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"முதல் மாசமே சொன்னேன். 'உனக்கு முள்ளைப் பத்தி என்ன தெரியும்'னீங்க. அப்புறம் சொல்றதை விட ஊத்துறது சுலபமா இருந்துச்சு."

மச்சான் சாலையின் மறுபக்கத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கம்பக்கத்தில் டீசல் கடன் கேட்டு ஊற்றிக்கொண்டாலும் உடனே கிளம்ப முடியாது. டீசல் வண்டி வற்றி நின்றால் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். அதை எடுக்க மெக்கானிக் வர வேண்டும்.  மனைவி சாலையின் நடுவே போய்க் கையை நீட்டினார். காலி பிக்கப் ஒன்று நின்றது.

"மருத்துவமனை வரைக்கும் வருவீங்களா தம்பி? வண்டியில டீசல் இருக்கா?"

"பாதி டேங்க் இருக்குக்கா."

"முள்ளு சொல்லுதா, நீங்களா சொல்றீங்களா?"

ஓட்டுநருக்குக் கேள்வி புரியவில்லை. "முள்ளுதான்க்கா சொல்லுது."

"அப்ப சரி. மாத்துங்க."

நான்கு பேருமாகக் கட்டுகளை மாற்றினார்கள்; உண்மையைச் சொன்னால் ஞானி மற்றவர்களைவிட இரண்டு கட்டு அதிகமாகவே தூக்கினார். மனைவியும் மச்சானும் அந்த வண்டியில் போனார்கள். மூன்று ஐம்பத்தாறுக்குக் கடைசிக் கட்டு கிடங்குக்குள் போயிற்று. ஆர்டர் கிடைத்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது உங்கள் கைப்பேசியில் எத்தனை சதவீதம் இருக்கிறது? 'மூணுக்கு வந்தாலும் ஒரு மணி நேரம் நிக்கும்' என்கிறீர்களா? 'டாக்டர் சொல்ற அளவெல்லாம் அவருக்கு, என் உடம்பு எனக்குத் தெரியும்' என்று போன வாரம் சொன்னது யார்? நின்றதே இல்லை என்று நீங்கள் பெருமைப்படும் ஏதாவதொன்று இருக்குமே, அதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில், உங்களிடம் சொல்லாமல், காலையில் யார் எங்கே ஐந்து லிட்டர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பதில் உடனே வராது. அவர்கள் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருக்கும்.

நம் ஞானி அன்று மெக்கானிக் வரும்வரை மேட்டில் தனியாக நின்றார். நோட்டை எடுத்தார். அன்றைய தேதிக்கு நேரே நாற்பத்து மூன்று என்று எழுதினார். பக்கத்தில், காரணம் எழுதும் இடத்தில், 'மேடு' என்று எழுதினார்.