வைமண்டுக்கு ஜலதோஷம்

அந்தக் காலத்து வெள்ளைக்கார லிங்கன் சீமையில, கள் காய்ச்சி விக்கிற எம்மோட்டா தன் வாசல்ல கம்பு நட்டு இலைக்கொத்து கட்டினா, பார்லிக் கள் தயார்னு அர்த்தம். ஆனா ஊர்ச் சுவைப் பரிசோதகர் வைமண்ட் குடிச்சுப் பாத்து "நல்லது"ன்னு திருவாய் மலரணும். அதுவரைக்கும் ஒரு சொட்டு விக்கக்கூடாது. சட்டம்.

அந்த வாரம் திருவாய்க்கு மேல இருந்த திருமூக்கு அடைச்சுக்கிச்சு.

"கள்ளும் ஒண்ணுதான், கழனித்தண்ணியும் ஒண்ணுதான். ருசியே தெரியல எம்மோட்டா."

"ஐயா, வீட்டுல இருந்த பார்லி மொத்தமும் இந்த அண்டாவுலதான் கிடக்கு. ரெண்டு நாள் போனா புளிச்சுரும்."

"கள்ளு புளிக்கலாம். சட்டம் புளிக்கலாமா?"

"நான் குடிச்சுப் பாத்துச் சொல்லட்டுமா?"

"பொம்பளை நாக்கு சத்தியப் பிரமாணம் எடுக்காத நாக்கு. பேசலாம், அதான் பேசுதே. தீர்ப்புச் சொல்லக்கூடாது."

"காய்ச்சினதே நான்தானய்யா!"

"காய்ச்சுறதுக்கு நாக்கு எதுக்கு?"

கடமை தவறாத மனுஷன். தினமும் வந்து ஒரு பெரிய குவளையைக் காலி பண்ணிட்டு, "இன்னும் பிடிபடல"ன்னு போவார். அவர் மூக்கு திறக்கிறதுக்குள்ள கள்ளு காடியாயிருச்சு. எம்மோட்டா கண்ணைத் துடைச்சுக்கிட்டு அண்டாவைக் கவுக்கப் போன நேரம், பண்ணை அதிகாரி ஹாம்லின் வந்து நின்னார்.

"என்னய்யா வைமண்ட், தீர்ப்பு எங்க?"

பதவி ஆட்டம் கண்டுச்சு. வைமண்ட் ஒரு மடக்கு விழுங்கி முழங்கினார்: "அதிவிசேஷம்!"

"ஐயோ, அது புளிச்சுப்போச்சுங்க!"

"பரிசோதகரையே பழிக்கிறியா? போடு அபராதம்!"ன்னு ஹாம்லினும் ஒரு வாய் குடிச்சார். கண்ணு மூடிக்கிச்சு. காது ரெண்டும் ஆடுச்சு. தான் நியமிச்ச ஆளாச்சே!

"ஆகா... இதுல ஒரு ஆழம் இருக்கு."

அன்னைக்குச் சாயங்காலமே ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாருக்கும் ஆழம் தெரிஞ்சிருச்சு. குடிச்சவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேலிப்பக்கம் ஓடினான். குடிக்காதவனைப் பட்டிக்காட்டான்னாங்க. அடுத்த வாரம் எம்மோட்டா நல்ல கள்ளு காய்ச்சினா. "ஆழம் பத்தல"ன்னு தள்ளிட்டாங்க. சரின்னு வேணும்னே புளிக்கவிட்டா. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு.

சந்தை கூடின அன்னைக்கு ஹாம்லின் ஆணை வாசிச்சார்: இவ்வளவு நுட்பமான பானம் பெண்கள் கைக்கு அடங்காது. இனிமே ஆண்கள் சங்கம்தான் காய்ச்சும். தலைவர், வைமண்ட்.

எம்மோட்டா கூட்டத்தைப் பாத்துக் கத்தினா: "என் பொழைப்பே போகுது! யாராவது ஒருத்தர், இது வெறும் புளிப்புன்னு சொல்லுங்கய்யா!"

சந்தை நெறைய ஆம்பளைங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கல. திறந்தா அந்தக் கள்ளை ஊத்திருவாங்களே.