சந்தனம் பூசிய சாக்கெட்டும் பச்சை லைட்டு அண்ணனும்

பினாங்குத் தீவில் இணைய மோடத்துக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் பச்சை லைட்டு அண்ணன்தான். வேறு யாராவது உண்டு என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்புவதாக இல்லை.

சுங்கை பினாங்கில் பழைய அடுக்குமாடி ஒன்றில் அவர் தனியாக இருந்தார். அந்த வீட்டின் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் காலமெல்லாம் செய்த வேலை, மின்சுற்றுப் பலகைகளில் லைட்டு பச்சையாக எரிகிறதா, சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துப் பிரித்துவைப்பது. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு அவருக்கு மிஞ்சியது எங்கள் மோடத்தின் லைட்டு ஒன்றுதான். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதன் எதிரில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்காக வாடிக்கையாளர்களின் அழைப்பை எடுத்துப் பேசவேண்டும். என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. கைப்பேசி இணையம் கூடாது, வீட்டு லைன்தான் வேண்டும் என்பது அவர்கள் விதி. எங்கள் கட்டடத்திலோ புது இணைப்பெல்லாம் கீழ்த்தளத்துப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே வருவது அதே பழைய டெலிபோன் கம்பி. வாடிக்கையாளர் தொண்டை அடைக்கக் குறை சொல்லும் நேரம் பார்த்து லைன் அறுந்துபோகும். நான் வேண்டுமென்றே வைத்துவிட்டதாக நினைத்து அவர் புகார் எழுதுவார்.

ஒருநாள் மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். "வெள்ளிக்கிழம ஃபுல்லா நான் உங்க ஃபோன் காலெல்லாம் கேப்பேன். அன்னைக்கும் லைன் விழுந்துச்சுன்னா சோரி, கன்ஃபர்ம் பண்ண முடியாது." போய் அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. என்னைவிட அதிகமாக அவர் நடுங்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, மிக்சி போடாதீங்க. சிங்க் எறங்கிரும்!"

சிங்க் என்றால் வேறொன்றுமில்லை, நம் மோடமும் கீழே உள்ள பெட்டியும் பேசி ஒத்துக்கொள்ளும் வேகம். அந்த வேகத்துக்காக அன்றிலிருந்து வீட்டில் சட்னி கிடையாது. தோசைக்குச் சீனி. பிறகு மேல்வீட்டு அக்காவிடம் போய்க் கெஞ்சினார். "அக்கா, அயர்ன் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"ஏண்ணே, என் புருஷன் சட்டைக்கும் உங்க லைனுக்கும் என்னாண்ணே சம்பந்தம்?"

தூரத்தில் இடி உறுமினால் போதும். ஒயரையெல்லாம் பிடுங்கி, மோடத்தைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுப்பார். நான் அழைப்பில் இருப்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மோடத்தின் சுவிட்சை அடைத்துத் திறப்பார். "அடைச்சித் தொறந்தா சரியாயிரும் தம்பி." லைட்டு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது நிலைத்து எரியும்வரை அண்ணன் மூச்சு விடமாட்டார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் வேறு. அது முடிந்ததும் டெலிபோன் கம்பெனியின் புகார் மையத்துக்குப் போன் போடுவார். அங்கே பேசுகிற தமிழ்ப் பெண்ணுக்கு அவர் இருமினாலே ஆள் தெரியும்.

"அங்கிள், மறுபடியும் அடைச்சீங்களா?"

"ஒரு தடவதாம்மா."

"இங்க எல்லாம் தெரியுது அங்கிள். நீங்க அடைக்க அடைக்க, லைன்தான் கெட்டுப்போச்சுன்னு சிஸ்டம் வேகத்தக் கொறச்சிக்கிட்டே வருது. மொதல்ல செவுத்துல இருக்கற சாக்கெட்டத் தொறந்து பாருங்க. அப்பறம் கொஞ்ச நாளைக்கு யாரும் கை வைக்காதீங்க லா, ப்ளீஸ்!"

சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளிருந்து கமகமவென்று வாசனை வந்தது. கம்பி செருகும் துளை முழுக்கக் காய்ந்த சந்தனம். கம்பி முனைகளெல்லாம் பச்சைக் களிம்பேறிப் போயிருந்தன.

"அண்ணே, என்னா இது?"

"ஆயுத பூசைக்கு வச்சது தம்பி. பன்னீர் விட்டுக் கொழச்சி வச்சேன்."

"மோடத்துக்குப் பொட்டு வச்சீங்க, சரி. துளைக்குள்ள யாராச்சும் சந்தனம் வைப்பாங்களா?"

"உள்ளதான தம்பி சக்தி இருக்கு!"

சொல்லிவிட்டு அந்த முனைகளை உற்றுப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "அப்ப நானேதான் உங்க வேலைக்கு ஒல வச்சிட்டேனா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சாக்கெட் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.

புது சாக்கெட் மாட்டினோம். வளைந்து வளைந்து கிடந்த நீளக் கம்பியை எடுத்துவிட்டுக் குட்டைக் கம்பி போட்டோம். லைட்டு அசையாமல் எரிந்தது. வேகமும் மெல்ல ஏறியது. வெள்ளிக்கிழமைவரை யாரும் தொடாமல் இருந்தால் போதும். அதுதானே அண்ணனால் முடியாத காரியம்! கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். மோடத்தின்மேல் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துவைத்தேன். கூடையின் ஓட்டை வழியாக விரலை விட்டுக்கொண்டு நின்றார். "தூசிதான் தட்டறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பார்த்தால் கையில் பையோடு நிற்கிறார். "தம்பி, நான் இங்க இருந்தா கண்டிப்பா தொட்டுருவேன். அக்கரையில, தாசேக் கெலுகோர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு ராத்திரி வர்றேன்."

என்னால் நம்பமுடியவில்லை. பாசாருக்குக் காய் வாங்கப் போனாலே பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் அடுப்பைப் பார்க்கிற மனிதர் அவர். அன்றைக்கும் ஒருமுறை திரும்பி வந்தார். மோடம் கண்ணில் படாமலிருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டு வந்தார்.

அன்று முழுக்க எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு கண் லைட்டின்மேல். மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. இடியும் விழுந்தது. லைன் மட்டும் அறுபடவில்லை. சாயங்காலம் மேலதிகாரி அம்மா, "ஓகே, கன்ஃபர்ம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. காலையிலிருந்து காய்ந்த வயிறு, ஏதாவது சாப்பிடலாம் என்று கீழே இறங்கினேன்.

படியில் மேல்வீட்டு அக்கா வந்தார். "தம்பி, உங்க அண்ணனுக்கு என்னா ஆச்சு? காலைலேருந்து கீழ அந்த டெலிபோன் பெட்டிகிட்ட ஒரு மோட்டர் சைக்கிள்கூட நிறுத்த வுட மாட்டேங்குறாரு. மழையிலயும் நவுரல!"

ஓடினேன். பெட்டியைப் பார்த்தபடி, மடியில் பையோடு, ஒரு பெயிண்ட் டின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"அலாமாக், அண்ணே! தங்கச்சி வூட்டுக்குப் போகலயா?"

"ஃபெரி வரைக்கும் போனேன் தம்பி. யாராச்சும் ரிவர்ஸ் எடுத்து இந்தப் பெட்டில இடிச்சித் தொலைச்சிட்டா உங்க வேல என்னாவறது? மனசு கேக்கல." சொல்லிவிட்டு எழுந்து நின்றார். "வேல?"

"கெடச்சிருச்சுண்ணே."

துண்டால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, சொந்த வீட்டுக்குள் வர என்னிடம் உத்தரவு கேட்டார்.

"அப்பன்னா நான் இப்ப மேல வரலாமா தம்பி?"

பையை வாங்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனேன்.