மியூசியத்துப் புற்றுக்குப் பால் வார்த்த விஷயம்

காஞ்சன்பாக், ஹைதராபாத்
22-8-1984

சிரஞ்சீவி மைத்துனன் ரகுநாதனுக்கு அத்திம்பேர் அனந்தராமன் அநேக ஆசீர்வாதம். உடம்பளவில் நானும் உன் அக்கா கல்பகமும் சௌக்கியம். மற்றபடி எப்படி என்பதை எழுதத்தான் இந்த இன்லண்ட்.

டிபென்ஸ் லேபில் ரிடையராகி மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குச் சித்திரையில் ஒரு மியூசியத்தில் வேலை கிடைத்ததே, அது பழைய நவாப் மாளிகை. நவாப் சாப்பிட்ட கூடத்தில் இப்போது பாடம் செய்த முதலை இருக்கிறது, பேகம்கள் உலாவிய தோட்டத்தில் லத்தீன் பெயர் மாட்டிய செடிகள். பெயர்ப்பலகை எழுதுவதும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் என் வேலை. மறுபடி மனுஷனாக நடமாடிக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை, "நானும் பாக்கணும்" என்றாள் உன் அக்கா. கையில் தூக்கு இருந்தது, காபி என்று நினைத்துவிட்டேன். முதலையையும் பார்க்கவில்லை, மூலிகையையும் பார்க்கவில்லை, நேரே கரையான் புற்று வைத்திருக்கும் இடத்துக்குப் போனாள். காட்டிலிருந்து பெயர்த்து வந்து, உள்ளே தெரிவதற்காகப் பாதியாக அறுத்து வைத்த புற்று. நான் பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றுக்கு ராணிக் கரையானைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், மஞ்சள் குங்குமம் வைத்து, தூக்குப் பால் முழுவதையும் விட்டாயிற்று. ராணியின் அறை கரைந்து சரிந்தது. அதோடு போயிற்றா? பின்னால் வந்த தெலுங்கு அம்மாள்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள், ஒருத்தி முதலைக்கும் பொட்டு வைத்தாள், இன்னொருத்தி என்னிடமே கையேந்தி, "தீர்த்தம் இவ்வண்டி சுவாமி" என்று தெலுங்கில் கேட்கிறாள். இயக்குநர் சந்திரமோகன் ஓடி வந்து பார்த்து, "நக்கோ சாப், கல் சே ஆனா நக்கோ" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை இந்த ஊரில் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, "ஊர்ல வேற புத்தே இல்லையாடி?" என்று கத்தினேன்.

"காலனிப் புத்தைத்தான் ரோடு போடறவா இடிச்சுட்டாளே. மூணு வருஷமா நீங்க ஜன்னலண்டையே உக்காந்துண்டிருந்ததை என்னால பாக்க முடியலை. உங்களுக்குப் போக ஓரிடம் கெடைச்சா பால் வார்க்கறேன்னு வேண்டிண்டேன்" என்றாள்.

கிடைத்த வேலைக்கு நன்றி சொல்லப் போய் வேலையே போயிற்று. உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. இனி இந்த ஊரில் எதற்கு? கும்பகோணத்தில் உன் வீட்டருகே இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து வை.

உன் மனைவி ஜலஜாவும் குழந்தைகளும் சகல சம்பத்தோடும் நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
அனந்தராமன்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் சந்திரமோகனே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். என்னை நிறுத்திய காரணத்தைக் கேட்டதிலிருந்து அவர் மனைவி அவரோடு பேசுவதில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். புதுப் புற்றும் வருகிறதாம். உன் அக்காவிடம் சொன்னேன், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேலை திரும்பக் கிடைத்தால் ஒரு குடம் பால் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.