ஒரே பலகையில் இரண்டு நாடுகள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். தனித்தனியாக நலம். அங்கு நீங்களும் அக்காவும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் கல்லூரி முதல்வர் இந்தப் பருவத்தில் 'உலகப் பிரச்சினைகள்' என்று ஒரு பாடம் தொடங்கினார். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் வகுப்பில் நின்று நடத்த வேண்டுமாம், மதிப்பெண்ணையும் ஒத்துப்போய்த்தான் போட வேண்டுமாம். வேதியியலுக்கு என்னையும் பொருளாதாரத்துக்கு உங்கள் தங்கையையும் போட்டார். "வீட்டுலயே பேசித் தயார் பண்ணிக்கலாமே" என்றார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை மச்சான்.

முதல் பாடம் தண்ணீர்ப் பஞ்சம். கடல்நீரைக் குடிநீராக்கும் விதத்தை நான் பலகை முழுக்க எழுதி, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கரண்ட் பில்லை யார் கட்டுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல், உங்கள் தங்கைதான். என் வாய் சும்மா இருந்தால்தானே? "வீட்டுல யாரு கட்டுறாங்களோ, அவங்கதான்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் என் சமன்பாடுகளை அழித்துவிட்டு விலைவாசி வரைபடம் போட்டாள். அடுத்த வகுப்பில் நான் அதை அழித்தேன். அதற்கப்புறம் பேச்சுவார்த்தையெல்லாம் மாணவர்கள் வழியாகத்தான். "உங்க சாரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா!"

இந்தக் கூத்துக்கு நடுவில், ஏதாவது இரண்டு நாடுகளின் எல்லைத் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி மாணவர்களுக்கு வேலை கொடுத்தோம். படுபாவிகள் எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! பலகையின் நடுவில் கோடு கிழித்து, வீட்டுச் சண்டை வகுப்புக்கும் வகுப்புச் சண்டை வீட்டுக்கும் வரக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி, "சார், இங்க ஒரு கையெழுத்து. மேடம், நீங்க இங்க" என்று நீட்டினார்கள். உங்கள் தங்கை நூற்றுக்கு நூறு என்கிறாள். நான் சைபர் என்கிறேன்.

என் மானம் கப்பலேறிவிட்டது. நீங்கள் இந்த ஞாயிறே வந்து, பாடத்தை விட்டு விலகும்படி அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
பாதிப் பலகைக்குச் சொந்தக்காரனான உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது முதல்வர் இருவரையும் கூப்பிட்டார். "ஒத்துவரலை போலிருக்கே, தனித்தனி வகுப்பாப் பிரிச்சிரட்டுமா?" என்றார். "வேண்டாம் சார்!" என்றோம், இருவரும் ஒரே மூச்சில். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், அவள் இல்லாத வகுப்பு எனக்கு உப்புச்சப்பில்லாமல் போய்விடும் மச்சான். அந்தப் பயல்களுக்கு நூறே போட்டாயிற்று. ஆகவே புத்தி சொல்ல வர வேண்டாம், சும்மா வாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நடுநிலை நாடு ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டார்கள். இருவரும் ஒரே குரலில் உங்களைக் கைகாட்டிவிட்டோம்.