கார் வெளியே, பளு உள்ளே

புத்தாண்டு அன்று காலை ஆர்லன் ஹௌகன் ஒரு முடிவெடுத்தார். தொப்பையைக் கரைத்தே தீருவது. பெல்ட்டில் புது ஓட்டை போட இனி இடமில்லை. அதோடு, கிறிஸ்துமஸுக்கு மனைவி மார்லிஸ் பளு தூக்கும் செட் ஒன்றையே பரிசாகக் கொடுத்திருந்தாள். அவ்வளவு இரும்பை வீட்டுக்குள் வைக்க முடியாது. ஆகவே கராஜ்தான் ஜிம். ஆகவே மார்லிஸின் கார் வெளியே.

வட மினசோட்டாவில் ஜனவரி மாதம் மனைவியின் காரை வெளியே தள்ளுவது லேசான காரியமில்லை. ஆர்லன் மூன்று பதில்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் சமையலறைக்குள் நுழைந்தார்.

"உன் உடம்புதான் முக்கியம், ஆர்லன். கார் கெடக்கு, விடு" என்றாள் மார்லிஸ்.

மூன்று பதில்களும் வீண். அந்தத் திகைப்பில், "தெனம் காலையில கண்ணாடியில பனிய நானே சொரண்டித் தர்றேன்" என்று வேறு வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் பளுவைத் தொட்டபோது உள்ளங்கைத் தோல் உறைந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு போனது. இரண்டாம் நாள் வேட்டைக் கோட்டும் இரண்டு ஜோடிக் கையுறையும் போட்டுக்கொண்டதில் கையே மடங்கவில்லை. மூன்றாம் நாள் மல்லாந்து படுத்து மூச்சு விட்டதில் மீசை உறைந்தது.

"ஹீட்டர் வெச்சாத்தான் சரிப்படும்" என்றார்.

"கராஜுக்கா?"

"ஆமா."

"மூணு வருஷமா நான் ரெண்டே ரெண்டுதான் கேட்டேன். கராஜுக்கு ஹீட்டர், சமையலறைக்கு ஒரு அலமாரி. என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"கார் இரும்பு, அதுக்கென்ன குளிருன்னு சொன்ன."

"அது வேற. இது உடம்பு."

"ஆமாமா, அது வேறதான்" என்று மார்லிஸ் காப்பி ஊற்றினாள்.

இரண்டு சனிக்கிழமைகள். சுவரெல்லாம் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்தார். கதவுக்குத் தெர்மோகோல் பலகை ஒட்டினார். கூரையிலிருந்து ஹீட்டரைத் தொங்கவிட்டார். மார்லிஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை கேக் கொண்டுவந்தாள். "அந்த மூலையில காத்து வருது பாரு", "கதவுக்கு அடியிலயும் ரப்பர் வெச்சிடு" என்று கூடவே நின்று கவனித்தாள். புருஷன் உடம்பு மேல் இவ்வளவு அக்கறையா என்று வியந்தபடி ஆர்லன் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஊரில் வெளியே நிற்கும் காரின் இஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி முழுக்க அதற்குக் கரண்ட் ஒயர் மாட்டிச் சூடாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அது எழுந்திருக்காது. கராஜில் இருந்ததோ ஒரே பிளக். எனவே சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை ஹீட்டரும் ஆர்லனும். ஏழுக்கு மேல் காரும் ஒயரும். எட்டு நாள் பிசகாமல் நடந்தது.

ஒன்பதாம் நாள் காலை மைனஸ் முப்பது டிகிரி. கார் செத்துக் கிடந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் மார்லிஸுக்கு ஏழு மணிக்கு வேலை. ஒயர் பனியில் தனியாகக் கிடந்தது.

"நேத்து மாட்டினியா?"

"மாட்டினேன்னுதான் நெனக்கிறேன்."

"நீ நெனச்சாப் போதுமா, காரும் நெனக்க வேணாமா? சரி, பரவால்ல."

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஆர்லன் மிகவும் பயப்படும் வார்த்தை அந்தப் 'பரவால்ல'தான். தன் ஞாபகத்தை நம்பாமல் இருக்கவும் அதே தாம்பத்தியம்தான் பழக்கியிருந்தது. பக்கத்து வீட்டு டெல்பர்ட்டைக் கூப்பிட்டு, பளு தூக்கும் பெஞ்சைச் சுவரோரம் நிமிர்த்திவைத்துவிட்டு, காரை உள்ளே தள்ளி ஹீட்டரைப் போட்டார். மார்லிஸ் டெல்பர்ட்டின் வண்டியில் வேலைக்குப் போனாள். சாயங்காலம் கார் உயிர்பெற்றது.

"இன்னிக்கு ஒரு நாள் உள்ளயே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாளும் ஒரு நாளாகவே இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

"அப்ப நான் எங்க பயிற்சி பண்றது?" என்றார் ஆர்லன், கார் உள்ளே வந்த பத்தாம் நாள்.

"கார் நின்ன எடத்துல ஒன்றரை அடி பனி கெடக்கே" என்று மார்லிஸ் மண்வாரியை நீட்டினாள்.

பிப்ரவரி முழுக்க வாரினார். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டெல்பர்ட் கேட்டார்: "அந்தக் கார் செத்துச்சே, அதுக்கு மொத நாள் சாயங்காலம் மார்லிஸ் ஏன் வெளிய வந்தா?"

"எப்ப?"

"நீ ஒயர மாட்டிட்டு உள்ள போனியே, அதுக்கு அப்புறம்தான். காருகிட்டப் போயி குனிஞ்சா."

"சரியா மாட்டியிருக்கான்னு பாத்திருப்பா."

"பாத்தா. அப்புறம் புடுங்கிக் கீழ போட்டா."

ஆர்லன் மண்வாரியை ஊன்றி நின்றார். அப்போது கராஜ் கதவு மேலே எழும்பியது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கோட்டுகூடப் போடாமல், ஒரே திருகில் காரைக் கிளப்பி, மார்லிஸ் மெல்ல வெளியே வந்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி இல்லை.

"மார்லிஸ், அந்த ஒயர்..." என்று ஆர்லன் ஆரம்பித்தார்.

அவள் கண்ணாடியை இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட, தொப்பை நெசமாவே கொறஞ்சிருக்கு ஆர்லன்! ரொம்ப சந்தோஷம். வர்ற கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு நல்ல தச்சு வேலை செட் வாங்கித் தரப் போறேன்."

ஆர்லன் நன்றி சொன்னார்.