அடுப்படிக்கு ஒரு டென்னிஸ் ஷூ

மரியாதைக்குரிய நாத்தனார் அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடவுள் அருளால் என் வலது குதிகாலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அங்கும் அப்படியே இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பின்னால் யாரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று மாலை காலணிக் கடையில் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி, உங்கள் அம்மா, ஷூ எடுத்துக் காட்டிய விற்பனையாளர், கல்லாவில் முதலாளி, அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியை. கடவுளும் இருந்தார். அவரை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை.

என் குதிகால் கதை உங்களுக்குத் தெரியும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்தாற்போல் இருக்கிறது. பிரார்த்தனைக்குக்கூட ஒற்றைக் காலில்தான் நிற்கிறேன். ஏதோ பெரிய வரம் கேட்டுத் தவமிருக்கிறாள் என்று கடவுளே பயந்திருப்பார். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “நல்லா மெத்துனு இருக்கிற ஷூ வாங்கிப் போடுங்கம்மா, வீட்டுக்குள்ளயும் போடுங்க” என்று சொல்லிவிட்டார். சாயங்காலம்தான் கால் வீங்கியிருக்கும், அப்போதுதான் சரியான அளவு கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்ததால் சாயங்காலமே போனோம். விற்பனையாளர் “எந்த விளையாட்டுக்கும்மா?” என்று கேட்டார். “சமையலுக்கு” என்றேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. இரண்டு ஜோடியை எடுத்து வைத்து, “இது நேரா ஓடுறவங்களுக்கு. இது டென்னிஸ் ஷூ, பக்கவாட்டுல தாவித் தாவி ஆடுறவங்களுக்கு, கால் பிசகாது” என்று விளக்கினார். எனக்குப் பொறி தட்டியது. அடுப்படியில் யார் அக்கா நேராக ஓடுகிறார்கள்? அடுப்பிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அலமாரிக்கு, எல்லாமே பக்கவாட்டுதானே. கல்யாணமான நாளிலிருந்து நான் டென்னிஸ்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன், மட்டைதான் இல்லை. “டென்னிஸே குடுங்க” என்றேன். உங்கள் அம்மா, “பக்கவாட்டுல நடக்க நீ என்ன நண்டா?” என்று கேட்டார். ஆசிரியை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

முதல் ஜோடி விரலைக் கடித்தது. இரண்டாவது பலகை. மூன்றாவதில் கால் நுழைந்ததும் சொந்த வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அளவு இடம், குதிகாலுக்கடியில் பஞ்சு, நிறம் மட்டும் வெள்ளையில் கிளிப்பச்சைப் பட்டை. போட்டுக்கொள்ளப் போவது நான் என்பதை மறந்து உங்கள் தம்பி வேறொரு ஜோடியைத் தன் காலில் மாட்டி எம்பிக் குதித்துப் பார்த்தார். ஷூ தாங்கியது, பக்கத்திலிருந்த பெட்டி அடுக்கு தாங்கவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்த வேகத்தில் நாங்கள் எதையாவது வாங்கியே தீர வேண்டியதாகிவிட்டது. உங்கள் அம்மா ஷூவுக்குள் கையை விட்டு அழுத்தி, அழுத்தி, இன்னொரு தடவையும் அழுத்தி, “தலையணையைக் கால்ல கட்டிக்கிட்டு நடக்க இவ்வளவு விலையா? திருப்பிக் குடுத்துடு” என்று வாங்கும் முன்பே தீர்ப்புச் சொன்னார். வீட்டுக் கணக்கில் ‘மருந்து’ என்று நான் எழுதியதையும், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அடித்து, ‘ஆடம்பரம்’ என்று எழுதினார்.

ரசீதின் பின்னால், அடியில் மண் படாதிருந்தால் வரும் சனிக்கிழமை வரை திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று போட்டிருந்தது. மண் படாமல் எப்படி நடந்து பார்ப்பது? கூடத்திலிருந்து அடுப்படி வரை படுக்கை விரிப்புகளைப் போட்டு நடந்தேன். விரிப்பு போதாததால், பின்னாலிருப்பதை உருவி முன்னால் விரிப்பது உங்கள் தம்பி வேலை. அந்த நேரம் பார்த்து வந்த இன்ஷூரன்ஸ்காரர் வாசலிலேயே நின்று, “எங்க வீட்டுல எனக்கு யாரும் துண்டுகூட விரிச்சதில்லை” என்று பெருமூச்சு விட்டார். அவருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் உங்கள் தம்பி நான் நின்றுகொண்டிருந்த விரிப்பையே உருவிவிட்டார். நான் அழுக்குத் துணிக் கூடையில் போய் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா, கூடையிலிருந்து எழுந்து நின்றபோது குதிகால் வலிக்கவில்லை! அன்று சாயங்காலம் இரண்டு காலிலும் நின்று பிரார்த்தனை செய்தேன். கண்ணீர் வந்துவிட்டது.

அதைப் பார்த்த உங்கள் அம்மா, “இவ பழகிட்டா விட மாட்டா” என்று ஷூவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டுபோய், “என் கட்டிலுக்கடியில இருக்கட்டும், அப்பத்தான் நீ தொட மாட்ட” என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் மறுபடி கொக்கு. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்போது காலையில் நல்ல பசி, ரொட்டி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். உங்கள் தம்பியின் குறுக்கெழுத்துப் பக்கம் மட்டும் தினமும் காணாமல் போகிறது, என்னைத்தான் திட்டுகிறார்.

ஆகவே அக்கா, உங்கள் பேச்சு ஒன்றைத்தான் உங்கள் அம்மா கேட்பார். சனிக்கிழமைக்குள் போன் போட்டு, “ஷூ அவகிட்டயே இருக்கட்டும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் எல்லாருடைய கால்களையும் கடவுள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தாள் வீணாகுமே என்றுதான் கிழிக்கவில்லை. போன் போட்டுவிடாதீர்கள்! எழுதி முடித்த கையோடு, நல்ல மருமகள் என்று பெயராவது வாங்கலாமே என்று, “அத்தை, நீங்க சொன்னபடி இன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “இன்னைக்கேவா? மழை வரும்போல இருக்கே. சனிக்கிழமை வரைக்கும் இருக்குல்ல, என்ன அவசரம்?” வெளியே வெயிலில் கண் கூசியது. அவர் குளிக்கப் போனதும் கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியைத் திறந்தேன். ஷூவின் அடியெல்லாம் தெரு மண், புல், நசுங்கிய ஒரு பஸ் டிக்கெட். கால் ஆடாமலிருக்க முன்னால் காகிதம் அடைத்திருந்தது. அத்தனையும் குறுக்கெழுத்து. நாங்கள் எழுந்திருக்கும் முன்பே ஊர் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்!

பெட்டியை இருந்தபடியே மூடிவிட்டேன். கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார், பாவம். அதனால் அதே கிளிப்பச்சையில் அவர் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி, அடியில் கொஞ்சம் மண்ணும் பூசி, பெட்டியில் மாற்றி வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரே ராத்திரியில் ஷூ காலுக்குப் பொருந்திவிட்டால் கடவுள் செயல் என்பார்; நான் மறுக்க மாட்டேன். இந்தச் செலவைப் ‘பிரார்த்தனை’யில் எழுதிக்கொள்கிறேன். அவரிடம் அளவு கேட்டால் காரியம் கெட்டுவிடும். உங்கள் அம்மாவின் கால் அளவு என்ன? சீக்கிரம் பதில் போடுங்கள்.